பெரியவர் இரண்டு, குழந்தை ஒன்று

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் பத்து பர்சென்ட். இருபத்தாறு வருடமாகக் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் எஸ்டிமேட் போடுகிறார். வரைபடத்தை மேசையில் விரித்து, நாலு மூலையிலும் கனமாக எதையாவது வைத்து, சுவர் எத்தனை அடி, ஜன்னல் எத்தனை, கம்பி எத்தனை கிலோ என்று அளவெடுப்பார். ஒவ்வொன்றுக்கும் நேராக விலை போடுவார். கடைசி வரியில் 'எதிர்பாராதவை' என்று எழுதிப் பத்து சதவீதம் சேர்த்த பிறகுதான் அவருக்கு மூச்சே சீராக வரும். இந்த வியாதி மேசையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னால் அறுபத்தாறாவது நிமிடம்தான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்.

மனிதருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் சட்டைப் பையிலுள்ள பென்சிலை எடுப்பதும் செருகுவதுமாக இருப்பார். இவ்வளவு துறுதுறுப்பான ஆள் ஊரை விட்டு எங்கேயும் போனதில்லை என்பதுதான் வேடிக்கை. போக வேண்டிய இடத்துக்கெல்லாம் அவர் ஒரு நீளமான நோட்டுக்குள்ளேயே போய் வந்துகொண்டிருந்தார். நோட்டின் அட்டையில் 'அமெரிக்கா' என்று எழுதியிருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், மகளுக்குப் பத்து வயது. பள்ளிப் பாடத்தில் ஒரு பெரிய அருவியின் படம் வந்தது. இங்கே போகலாமா அப்பா என்று கேட்டாள். போகலாமே என்றார். சொன்ன வாயோடு நோட்டை எடுத்து அளவுப் பத்தியில் முதல் வரியை எழுதினார்: பெரியவர் இரண்டு, குழந்தை ஒன்று, பன்னிரண்டு நாள். அதற்குக் கீழே விமானம், ஓட்டல், வாடகைக் கார், காரை நிறுத்த ஓட்டலில் கேட்கும் காசு, பெட்டிக்குக் கட்டணம், சாப்பிட்ட இடத்தில் பரிமாறுபவருக்குக் கொடுக்க வேண்டியது என்று ஒன்றுவிடாமல் இறங்கியது. அங்கே கடையில் எழுதிப்போட்டிருக்கும் விலை வேறு, கல்லாவில் வாங்கும் விலை வேறு, நடுவில் வரி இருக்கிறது என்று யாரோ சொல்ல, அதற்கும் ஒரு வரி சேர்ந்தது. கடைசியில் எதிர்பாராதவை.

அந்த வருடம் போகவில்லை. டிக்கெட் விலை ஏறிவிட்டது. அடுத்த வருடம் சமையலறைக் குழாய் உடைந்து, சுவரை இடித்துக் கட்ட வேண்டியதாயிற்று. அதற்கடுத்த வருடம் பணம் இருந்தது, எதிர்பாராதவைக்கு மட்டும் இல்லை. அந்த வரி நிறையாமல் கிளம்புவதாவது என்று நோட்டை மூடிவிட்டார். இப்படியே வருடா வருடம் 'அடுத்த வருஷம்' என்று ஓடியது. ஆனாலும் ஜனவரி பிறந்தால் பயண ஏஜென்டுகளுக்குப் போன் போட்டு, பெரியவருக்கு என்ன, குழந்தைக்கு என்ன என்று கேட்டு, விலைகளை ரப்பரால் அழித்துப் புதிதாக எழுத அவர் தவறியதே இல்லை.

விலையைத்தான் அழித்தார், அளவை அல்ல. அவர் தொழிலில் அதுதான் முறை. அளவு ஒரு தடவைதான் எடுப்பார்கள். வேலை தள்ளிப்போனால் விலையை மட்டும் திருத்துவார்கள். சிமென்ட் விலை ஏறும், கூலி ஏறும், வரைபடத்திலுள்ள சுவர் வளராது. மகளுக்குப் பத்தொன்பது ஆனது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவள் டிப்ளமோ முடித்தபோது போட்டோவுக்கு நின்றவர்தானே. நோட்டுக்குத்தான் தெரியாமல் போயிற்று. விசா எடுத்ததுகூட மனைவிதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் அவளே விண்ணப்பங்களை நிரப்பி இருவரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். விசாவுக்குச் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்பதால் அங்கேயும் அவர் கணக்கு பிசகவில்லை.

இந்த வருடம் 'அடுத்த வருஷம்' என்று சொல்ல வழியில்லை. மகளுக்கு லிப்ட் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. தூரத்து நகரத்தில் பயிற்சி, அப்புறம் ஊர் ஊராக மாற்றல், இரண்டு வருடத்துக்கு விடுமுறை கிடையாது. வேலையில் சேர்வதற்குள் போனால்தான் உண்டு. இல்லையென்றால் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பயணம் என்பது இந்த ஜன்மத்தில் இருக்குமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகம் வந்த நாளிலிருந்து சாப்பாட்டில் பாதி தட்டிலேயே நின்றது.

நல்லவேளை, இந்த முறை எல்லா வரியும் நிறைந்திருந்தது. மதிய இடைவேளையில் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயண ஏஜென்டின் அலுவலகத்துக்கு நேரிலேயே போனார். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் நல்ல விலை ஒன்று இருப்பதாகச் சொல்லிக் கம்ப்யூட்டரில் தட்டினாள். குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டாள்.

பத்தொன்பது என்றார்.

அந்தப் பெண் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். பன்னிரண்டு வயதுக்கு மேல் முழு டிக்கெட் என்று மெதுவாக எடுத்துச் சொன்னாள். அவர் நோட்டைத் திறந்தார். டிக்கெட் மட்டுமா? ஓட்டல் அறையில் குழந்தைக்குத் தனிக் கட்டணம் இல்லை என்று போட்டிருந்தார். நுழைவுச் சீட்டெல்லாம் பாதி விலை. காரில் குழந்தை இருக்கை, ஒன்று, பன்னிரண்டு நாள் வாடகை. ஒன்பது வருடமாக வருடம் தவறாமல் அந்த இருக்கையின் வாடகையை விசாரித்து விசாரித்துத் திருத்தியிருக்கிறார். அவருக்குக் காது மடல் சுட்டது. மொத்தத்தையும் பெரியவர் விலையில் போட்டபோது பணம் மூன்று பேருக்கு எட்டவில்லை. இரண்டு பேருக்குச் சரியாக இருந்தது.

"இந்த விலை இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் சார்," என்றாள் அந்தப் பெண். "அதுக்கப்புறம் நானே கேட்டாலும் கிடைக்காது."

மணி ஒன்றரை. அலுவலகத்துக்குப் போன் செய்து அரை நாள் லீவு சொன்னார். பத்து பர்சென்ட் லீவு போடுகிறாரா என்று அங்கே ஒரு சிரிப்பு எழுந்ததைக் காதில் வாங்காமல், மனைவி வேலை செய்யும் ஓட்டலின் பின்வாசலுக்கு நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, ஓடினார்.

மனைவிக்கு அங்கே துணி அறைப் பொறுப்பு. நூற்றிருபது அறைகளின் விரிப்பும் உறையும் துவாலையும் அவள் கைபட்டுத்தான் மாடிக்குப் போகும். மடித்த துணி அடுக்குகளுக்கு நடுவே நின்று அவர் மூச்சு வாங்கியபடி விஷயத்தைச் சொன்னார். குழந்தை இருக்கையை மட்டும் விட்டுவிட்டார். அவள் கோபப்படவில்லை. எண்ணிக்கொண்டிருந்த துவாலைகளை எண்ணி முடித்துச் சீட்டில் குறித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எனக்கு வேண்டியது ஒண்ணுதான்," என்றாள். "வேற யாரோ விரிச்ச படுக்கையில ஒரு வாரம் படுக்கணும். அது எந்த ஊரா இருந்தாலும் சரி. அவளுக்கு என்ன வேணும்னு அவகிட்டதான் கேக்கணும். ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. அருவிப் படத்தோடு அவள் வந்த அன்று போகலாமே என்று சொன்னதோடு சரி. பிறகு கேட்டதெல்லாம் ஏஜென்டுகளிடம்தான்.

மகள் அன்று மாலை நாலு மணிக்குக் கார் ஓட்டும் வகுப்புக்குப் போவாள். அவர் மூன்று மணிக்கே அங்கே போய், வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்து, கடிகாரத்தைப் பார்த்து, மறுபடி நடந்து, காவலாளிக்கே தலை சுற்றும்படி செய்தார். மகள் வந்தாள். அப்பாவை அங்கே பார்த்ததும் பயந்துபோய் அம்மாவுக்கு ஏதாவதா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பேச வேண்டும், அவசரம் என்றார். வகுப்பு நேரம் போய்விடும் என்று அவள் சொல்ல, டிரைவிங் மாஸ்டர் நல்ல மனதோடு, பின் சீட்டில் ஏறிக்கொள்ளுங்கள் சார், பேசிக்கொண்டே வரலாம் என்றார்.

அப்படித்தான் பத்து பர்சென்ட் தன் மகள் ஓட்டும் காரில் முதல் தடவை ஏறினார். பின் சீட்டிலிருந்து அவளுடைய கழுத்தும் தோளும் தெரிந்தன. திருப்பத்தில் அவள் கண்ணாடியைப் பார்த்துக் கியர் மாற்றிய நிதானம் அவருக்கு என்னவோ செய்தது. இது யார் வீட்டுப் பெண் என்பதுபோல் இருந்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதர், நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தே காட்டிவிட்டார். குழந்தை இருக்கை வந்த இடத்தில் மாஸ்டர் இருமினார். மகள் சிரித்த சிரிப்பில் வண்டி குலுங்கி நின்றுபோனது. பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்தினான். அவள் மறுபடி வண்டியைக் கிளப்பியபோது சிரிப்பு போயிருந்தது.

"அஞ்சாவது படிக்கும்போது கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேம்ப்பா, இந்த லீவுக்கு அமெரிக்கா போறோம்னு. ஆறாவதுலயும் சொன்னேன். ஏழாவதுல சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் சொல்றதில்ல. நினைக்கிறதும் இல்ல."

 பின் சீட்டில் ஆடிக்கொண்டிருந்த அவர் கால் நின்றுவிட்டது.

"நீங்களும் அம்மாவும் போயிட்டு வாங்க. கோவத்துல சொல்லல. எனக்கு அந்த ஆசை விட்டுப்போச்சு, அவ்வளவுதான்," என்றாள். சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி வெகு கவனமாகக் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தார்.

நாலரைக்கு இறங்கினார். ஏஜென்டின் அலுவலகம் அங்கிருந்து பதினைந்து நிமிட நடை. வழியில் ஒரு கட்டைச்சுவர் மேல் நோட்டை வைத்து, பென்சிலை எடுத்து, குழந்தை ஒன்று என்பதை அடிக்கப் போனார். இரண்டு பேர் என்றால் பணம் சரியாக இருக்கிறது. எதிர்பாராதவைகூட முழுசாக இருக்கிறது. ஒன்பது வருடமாக எந்தக் கணக்குக்காக அலைந்தாரோ அது கையில் வந்து நிற்கிறது. பென்சில் முனை தாளைத் தொட்டது, மேலே நகரவில்லை. கண் கலங்கியது. நடுத்தெருவில் நின்று அழுவதற்கு நேரமில்லை என்பதால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

ஏஜென்டின் மேசை முன்னால் நின்றபோது ஐந்தாக எட்டு நிமிடம் இருந்தது. "மூணு பேர்மா. மூணும் பெரியவங்க," என்றார்.

பணம் எட்டுமா சார் என்று அந்தப் பெண் கேட்டாள். பன்னிரண்டு நாளை எட்டாக்கச் சொன்னார். காரை எடுத்துவிட்டுப் பஸ் போடச் சொன்னார். அருவியையும் ஒரே ஒரு நகரத்தையும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டார். அப்படியும் இடித்தது. அப்போதுதான் கடைசி வரியைப் பார்த்தார். இத்தனை வருடமும் காய்ச்சல், திருட்டு, புயல் என்று எதை எதையோ நினைத்துப் பத்து சதவீதம் ஒதுக்கி வைத்திருக்கிறார். வீட்டுக்குள்ளேயே ஒரு பெண் வளர்ந்து நின்றதுதான் அவர் எதிர்பாராதது. அதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இந்த விலையில் டிக்கெட்டை மாற்ற முடியாது, வேண்டாமென்றால் பணமும் திரும்பாது என்று அவள் எச்சரித்தாள். தலையாட்டினார். வங்கி அட்டையின் ரகசிய எண்ணை அழுத்தியபோது முதல் தடவை தப்பாகிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் டிக்கெட் தாள்களை மகளிடம் நீட்டினார். மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றிருந்தாள். மகள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அவள் முகம் மாறியது.

"பத்தாம் தேதி திரும்பறோமா? எனக்கு எட்டாம் தேதி பயிற்சி ஆரம்பிக்குதுப்பா."

கம்பெனிக் கடிதத்தில் பன்னிரண்டு என்று இருந்ததே என்றார். அந்தக் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது.

"இன்னிக்குக் காலையிலதான் மாத்தினாங்க. அவ்வளவு நேரம் கார்ல இருந்தீங்களே, ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. எப்பவும் உங்க கணக்குதானாப்பா?"

அவர் டிக்கெட் தாள்களைப் பார்த்தார். திரும்பாத பணம். அது போனால்கூடப் போகட்டும், மறுபடி அதே தப்பு. "கேட்டிருந்தா நீ மறுபடி வரலைன்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேம்மா," என்றார். "நீ வராட்டி அந்த சீட்டு காலியா போகட்டும். நோட்டுல உன்னை அடிச்சுட்டு எனக்குக் கணக்குப் போட வரல."

 மகள் டிக்கெட்டை மேசையில் வைத்தாள். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு ஒருநாளும் சரியாகச் சாத்திக்கொண்டதில்லை. அவர் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். மனைவி கையைப் பிடித்து நிறுத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. பால்கனியிலிருந்து குரல் விட்டு விட்டு வந்தது.

"ஆமா மேடம், மூணு நாள்தான்... தெரியும் மேடம், முதல் நாளே லீவு கேக்கறது தப்புதான்... இல்ல மேடம், திடீர்னு இல்ல. ஒன்பது வருஷமா பிளான் பண்ணிட்டிருக்கோம்."