சவிரிமுத்து மாஸ்டர் நடந்து பார்த்த கதைகள்

மீன்காரி திரேசம்மா எங்கள் வாசல் படலையில் நிற்பதே இல்லை. நல்லூரில் மரக்கறி மட்டும் சமைக்கிற வீடு எங்களுடையது. குருநகரிலிருந்து மீன் கடகத்தோடு வருகிறவள் எங்கள் வேலியைக் கண்டதும் நடையைக் கூட்டிவிடுவாள். போன செவ்வாய்க்கிழமை காலை அவள் வெறுங்கையோடு வந்து படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஐயா, எங்கடை சவிரிமுத்து மாஸ்டர் மோசம் போட்டார். உங்களுக்கு அறிவிக்கச் சொல்லி அக்கா விட்டவ.”

மாஸ்டரின் மனைவியைத்தான் அக்கா என்றாள். சால்வையை எடுத்துக்கொண்டு அவளோடேயே செத்தவீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அழுகை வந்தது. நடுநடுவே சிரிப்பும் வந்தது. அவரை அறிந்த உங்களுக்கு இது விளங்கும்.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் படிப்பித்தோம். அவர் பூமிசாஸ்திரம், நான் தமிழ். வாசிகசாலை ஒன்று ஆண்டுதோறும் மேல்வகுப்பு மாணவர்களுக்குச் சிறுகதைப் போட்டி வைத்தது. குடாநாடெங்குமிருந்து வருகிற கதைகளுக்குப் புள்ளி போடும் வேலை எங்கள் இருவரிடமும் வந்தது. தேசப்படம் கீறுகிறவருக்குக் கதையில் என்ன அலுவல் என்று முதல் வருடம் முகத்தைச் சுழித்தேன். வாசிகசாலைக்காரர் என் முகத்தைப் பொருட்படுத்தவில்லை, நல்ல காலம்.

சனிக்கிழமை காலைகளில் ஆளில்லாத வகுப்பறை ஒன்றில் கூடுவோம். நான் சிவப்பு மையோடு உட்கார்ந்து குற்றம் தேடுவேன். அவர் உட்காரவே மாட்டார். கதையை உரத்து வாசித்தபடி கதாநாயகன் போகிற இடமெல்லாம் தானும் போவார். அவன் குனிந்தால் குனிவார், ஓடினால் மாணவர் உட்காரும் வாங்குகளுக்கிடையில் ஓடுவார். “கதையை நடந்து பாக்க வேணும், பண்டிதர். இருந்து பாத்தால் எல்லாம் சரியாய்த்தான் தெரியும்” என்பார்.

ஒரு கதையில் கதாநாயகன் ஒரு கையில் குடையும் மறு கையில் லாந்தரும் பிடித்து மழையில் வந்து, காதலியின் கண்ணீரைத் துடைக்கிறான். மாஸ்டர் என் குடையையும் காவலாளியின் லாந்தரையும் தூக்கிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

“மூண்டாவது கை எங்கையிருந்து வந்தது?”

“பூச்சியம் போடுங்கோ” என்றேன்.

“சீ, விசரே உங்களுக்கு? நனைஞ்சு வந்தவன் அவளின்ரை கண்ணைத் துடைக்க வேணுமெண்டு நினைச்சானே! அந்த மனசுக்குப் புள்ளி இல்லையோ?” தாராளமாகப் போட்டார். நான் அன்று முழுவதும் அவரோடு கதைக்கவில்லை.

இனி என் மானம் போகிற இடம். பருத்தித்துறையிலிருந்து சரஸ்வதி என்றொரு பெண்ணின் கதை வந்தது. கப்பலேறிப் போன தகப்பனுக்காக ஒரு மகள் தினமும் விடியற்காலையில் சென்னைக் கடற்கரையில் காத்து நிற்கிற கதை. சிவப்பு மையைத் தொடாமலே இரண்டாம் முறையும் வாசித்தேன். அதனாலேயே கோபமும் வந்தது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது ஏலாது. சென்னைச் சஞ்சிகை எதிலோ பார்த்து எழுதியிருக்கிறாள் என்று தீர்மானித்தேன். தாளின் தலையில் ‘களவு’ என்று எழுதினேன். அவளுடைய தலைமையாசிரியைக்குக் கடிதமும் எழுதி உறையில் இட்டேன். அது போய்ச் சேர்ந்திருந்தால் அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தியிருப்பார்கள்.

“தபாலிலை போட முன்னம் ஒருக்கா நடந்து பாப்பம். எழும்புங்கோ” என்றார் மாஸ்டர். என்னைக் கரும்பலகையைப் பார்த்து நிற்கச் சொன்னார். “உதுதான் சென்னைக் கடல். நீங்கள் அந்த மகள். காலமை வெயில் எங்கையிருந்து அடிக்கும்?”

“முன்னாலை. கடலுக்குள்ளாலைதானே சூரியன் வரும்.”

“பிள்ளை என்ன எழுதியிருக்கு?”

தாளைப் பார்த்தேன். கடலைப் பார்த்து நின்றவளின் வலக் கன்னத்தை இளவெயில் சுட்டது என்றிருந்தது.

“பருத்தித்துறையிலை கடல் வடக்கை. அங்கை நிண்டால் எந்தக் கன்னத்திலை அடிக்கும்? சென்னைக்காரன் உப்பிடி எழுதுவானோ? இவள் களவெடுக்கேல்லை, ஐயா. தன்ரை கடலைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சென்னையிலை வைச்சிருக்கிறாள்!”

மூன்று வருடம் சென்னையில் படித்தவன் நான். விடிய எழும்பியிருந்தால்தானே வெயிலைப் பார்த்திருப்பேன்! கடிதத்தை நானே கிழித்தேன். மாஸ்டர் வகுப்பறையைச் சுற்றி ஒருமுறை துள்ளி ஓடிவிட்டு வந்து, அந்தப் பிழைக்காக ஐந்து புள்ளி கறாராய்க் குறைத்தார். அப்படியும் முதற்பரிசு அவளுக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை செத்தவீட்டில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். பஸ் ஏறிப் பருத்தித்துறையிலிருந்து வந்திருந்தாள். இப்போது தானும் ஓர் ஆசிரியை.

“ஐயா, நான் சரஸ்வதி. பரிசு தந்த அண்டைக்கு மாஸ்டர் சொன்னவர், ‘உன்ரை கதைக்காகச் சண்டை பிடிச்சு நிண்டவர் பண்டிதர்தான், போய் நன்றி சொல்லு’ எண்டு. உங்கடை முகத்தைப் பாக்கப் பயத்திலை வரேல்லை. இண்டைக்குச் சொல்லுறன், ஐயா.”

கைகூப்பி அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். இத்தனை வருடம் இதை என்னிடமும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறார் அந்த மனிதர்!

சரஸ்வதி, இதை நீ வாசிப்பாய். உனக்காகச் சண்டை பிடித்தவர் அவர். உன்னைக் கள்ளி என்று எழுதியவன் நான். மாஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது நீ அன்று சொன்ன நன்றி ஒன்றுதான். அது எனக்கு உரியதல்ல என்று தெரியும். ஆனாலும் திருப்பித் தர மனம் வரவில்லை, பிள்ளை. நான் செய்வதுதான் களவு.