நடைபாதை மேசைக்கு நாற்பத்தொரு கையெழுத்து

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இரும்பு மேசையின் கால்கள் சீமெந்து நடைபாதையில் இழுபடும் சத்தம், பல்லைக் கூச வைக்கிற அந்தச் சத்தம்தான், சின்ன வயது என்றதும் எனக்கு முதலில் கேட்கும். சிட்னியின் மேற்குப் பக்கத்தில், கிரவீன் என்ற புறநகரிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், ஒரு இறைச்சிக் கடைக்கும் ஒரு சலவைக் கடைக்கும் நடுவே அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பித்தான் மற்றவருக்கு வழி விட வேண்டும், அவ்வளவு ஒடுக்கம். உள்ளே அரிசிக்கும் மாவுக்கும் மிளகாய்த்தூளுக்குமே இடம் போதாது என்பதால், வெள்ளிக்கிழமை லொறியில் குயின்ஸ்லாந்திலிருந்து வரும் முருங்கைக்காய், கத்தரிக்காய், பாகற்காய், கறிவேப்பிலை எல்லாம் வாசலில் அந்த மேசையில்தான் கிடக்கும். ஊரை விட்டுவிட்டு வந்த எங்கள் சனம் அதை "ஊர்ச் சாமான்" என்று சொல்லும். குயின்ஸ்லாந்தில் விளைந்தது என்று எத்தனை தரம் சொன்னாலும் அப்படித்தான் சொல்லும்.

அந்த மேசைதான் கடையைத் தாங்கியது. மரக்கறிக்கு வருகிறவர்கள்தான் உள்ளே போய் அரிசியும் வாங்குவார்கள். அப்பா அதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் உருக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நெஞ்சு இரைப்பு வாங்கிக்கொண்டவர். கடை போனால் திரும்ப அங்கேதான் போக வேண்டும் என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், மேசையைச் சுற்றி நிற்கிறவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

சுற்றி நிற்பது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அவர்கள் வாங்குவது பத்து நிமிடம், நிற்பது ஒன்றரை மணித்தியாலம். ஒரு முருங்கைக்காயைக் கையில் எடுத்துக்கொண்டு, யாருக்கு விசா வந்தது, யாருடைய மகள் சோதனை வைத்து எடுக்கிற செலெக்டிவ் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள் என்பதெல்லாம் கதைத்து முடித்து, அந்த முருங்கைக்காயைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டுப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வரும் பெண்கள் தெருவில் இறங்கிப் போவார்கள். எங்கள் ஆண்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டுவார்களே தவிர, ஓர் அடி நகர மாட்டார்கள்.

கடைசியில் யாரோ முறைப்பாடு கொடுத்துவிட்டார்கள். நகரசபையிலிருந்து, எங்கள் சனம் கவுன்சில் என்று சொல்லும் இடத்திலிருந்து, கடிதம் வந்தது. பன்னிரண்டு வயதில் எங்கள் வீட்டின் ஆங்கிலம் நான்தான் என்பதால் என்னைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். இப்போது நினைத்தால் அது மரியாதையான கடிதம். மேசை வழியை மறிக்கிறது, ஒரு மாதத்துக்குள் உள்ளே எடுக்க வேண்டும், அல்லது அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். அயலில் வசிக்கிறவர்களின் ஆதரவு இருந்தால் அவர்களின் பெயர், விலாசம், கையெழுத்துடன் ஒரு பட்டியலும் இணைக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

"பிறகென்ன," என்றாள் அம்மா. "சனிக்கிழமையிலை வந்து நிக்கிற சனம் கையெழுத்துப் போட்டாலே காணும்."

நானும் அப்படித்தான் நம்பினேன். கோடு போட்ட தாளில் மூன்று நிரல் பிரித்து, தலைப்பை ஆங்கிலத்தில் நான்கு தரம் எழுதிக் கிழித்து ஐந்தாம் தரம் ஒழுங்காக எழுதி, ஒரு மட்டையில் செருகிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் வரியை விட்டுவிடச் சொல்லியிருந்தார் அப்பா. அது கடைக்காரருக்கான மரியாதை இடமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்கக் கூசுகிற பிள்ளை. நிலத்தைப் பார்த்துக்கொண்டே மட்டையை நீட்டினேன்.

"என்ன பிள்ளை, பள்ளிக்கூடத்துக்கு ஏதும் சேர்க்கிறியோ?"

"இல்லை அங்கிள், கவுன்சிலுக்கு. மேசைக்கு."

"ஓ, கவுன்சிலுக்கோ." பேனைக்கு நீண்ட கை அப்படியே திரும்பிப் போய்க் கத்தரிக்காயை அமத்திப் பார்க்கும். "பிறகு போடுறன் பிள்ளை."

"எனக்கு இன்னும் பீ.ஆர். வரேல்லை," என்றார் நிரந்தர வதிவிடத்துக்குக் காத்திருந்த ஒருவர். "வந்தாப் பிறகு ரெண்டு கையாலையும் போடுறன்."

அவருக்குப் பக்கத்தில் நின்றவர் குடியுரிமையே எடுத்தவர். அவரிடம் மட்டையைத் திருப்பினேன். "நான் சிற்றிசன் எடுத்திட்டனல்லோ. இப்ப போய் உதுக்குள்ளை மாட்டுப்படவோ?" என்று அவர் என்னையே கேட்டார்.

எல்லோரையும் விட எனக்கு எரிச்சல் மூட்டியவர் துரை அங்கிள். அவர் ரயில் பெட்டிகள் துப்புரவு செய்யும் வேலையில் இருந்தவர். மேசையடியில் நின்று அவர் கதைப்பதைக் கேட்டால், பிரதமரே வந்து இவரிடம் யோசனை கேட்டுவிட்டுப் போகிறார் என்று தோன்றும். "அண்ணை, இது ஜனநாயக நாடு," என்று அப்பாவுக்கு உரத்துச் சொன்னார். "இஞ்சை சனம் ஒண்டாக் கேட்டால் குடுக்கத்தான் வேணும். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ." நான் பேனையை நீட்டினேன். அவர் தன் விரல்களை முகர்ந்து பார்த்தார். "பிறகு தா பிள்ளை. கையெல்லாம் மீன் மணக்குது."

இப்படி இரண்டு சனிக்கிழமைகள் போயின. ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டது மீனா அன்ரி மட்டும்தான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர், கணவர் கம்ப்யூட்டர் வேலை. "ஆமா, இதுக்கென்ன, குடும்மா," என்று வாங்கி, தன் பெயர், கணவரின் பெயர், நாலு வயது மகன், இரண்டு வயது மகள் என்று நான்கு வரிகளை நிரப்பினார். மகளின் கையைப் பிடித்து அவர் போட்ட கையெழுத்து வளைந்த வெண்டிக்காய் மாதிரி இருந்தது. "எங்க வீட்ல எல்லாரும் போட்டாச்சு. அவங்கெல்லாம் ஏன் ஒதுங்கி ஒதுங்கி நிக்கிறாங்க?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

மூன்றாம் சனிக்கிழமை துரை அங்கிளுக்கு ஒரு யோசனை வந்தது. "பேர் பிரச்சினையில்லை," என்றார். "பேரிலை என்ன கிடக்கு, எத்தினை குமார் இருக்கிறாங்கள். விலாசம்தான் பிரச்சினை. கடை விலாசத்தைப் போடுவம்."

இதைக் கேட்டதும் அந்தக் கூட்டத்தின் முகமே தெளிந்துவிட்டது. கையில் மீன் மணந்தவர்கள், கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னவர்கள், பீ.ஆர். வராதவர், சிற்றிசன் எடுத்தவர் எல்லோரும் வரிசையில் வந்து, ஒரு மணித்தியாலத்துக்குள் முப்பத்தேழு பேர் போட்டுத் தள்ளினார்கள். அதில் ஆறு பேர் குமார். மீனா அன்ரி வீட்டு நால்வரையும் சேர்த்து நாற்பத்தொன்று. அன்று நான் எவ்வளவு பெருமையோடு அந்தத் தாள்களை உடுப்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது. விலாச நிரலில் மீனா அன்ரி வீட்டைத் தவிர மற்றதெல்லாம் ஒரே விலாசம் என்பது அறிவுக்கொழுந்தான எனக்கும் படவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அப்பாவோடு கவுன்சில் அலுவலகத்துக்கு, அப்பாவின் சொல்லில் "கந்தோருக்கு"ப் போனேன். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண்தான் விண்ணப்பத்தை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். அடுத்த தாளையும் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக, அந்தக் கடைக்குள் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று கேட்டார்.

அப்பாவுக்குச் சொன்னேன்.

"ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லு," என்றார் அப்பா.

சொன்னேன். அப்படியென்றால் இந்த முப்பத்தேழு பேர் யார் என்று கேட்டார் அந்தப் பெண். அவர்கள் உண்மையாகவே அங்கே படுத்து எழும்புகிறார்கள் என்றால், தான் கவுன்சிலின் வேறு ஒரு பிரிவுக்கு அறிவிக்க வேண்டி வரும் என்றும் சொன்னார். அதை நான் அப்பாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் நாய்க்குப் பதிவு எடுக்க வந்த ஒரு கிழவர் நின்றார். அவரும் எட்டிப் பார்த்தார்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. மீனா அன்ரி மகளின் வெண்டிக்காய்க் கையெழுத்தைக் கண்டு சிரித்துவிட்டு, இந்த ஒரு வீடு கணக்கில் வரும் என்றார். பிறகு தாளை எங்கள் பக்கம் திருப்பி, வெறுமையாக இருந்த முதல் வரியில் விரலை வைத்தார். விண்ணப்பிக்கிறவரே இன்னும் போடவில்லையே, அவர் தன் வீட்டு விலாசத்தோடு போட்டு, உண்மையான விலாசத்தோடு இன்னும் நாலைந்து பேரை வெள்ளிக்கிழமைக்குள் பிடித்துக்கொண்டு வந்தால் தான் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்.

அப்பா பேனையை எடுத்தார். அதை எடுத்த விதத்தைப் பார்த்து, முடிந்தது, இனி மேசை எங்களுடையது என்று நினைத்தேன். அவர் தாளைப் பார்த்தார். வரி வரியாகக் கீழே போன பெயர்களைப் பார்த்தார். பேனையின் மூடியைத் திரும்ப மூடி, தாளுக்குப் பக்கத்தில் நேராக வைத்தார்.

"வா பிள்ளை, போவம்."

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. இரண்டு கிழமைக்குப் பிறகு, மேசையை உள்ளே எடுக்கும்படி கடிதம் வந்தது. அதையும் நான்தான் வாசித்தேன்.

உள்ளே எடுத்த மேசை அந்த ஒடுங்கிய வழியை முக்கால்வாசி அடைத்துக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை எங்கள் சனம் வந்து, ஒருவர் முதுகை ஒருவர் உரசிக்கொண்டு, முருங்கைக்காயை மின்குமிழுக்கு நேரே பிடித்துப் பார்த்தது. துரை அங்கிள் அலுத்துக்கொண்டார். "என்னண்ணை இது, உள்ளுக்கை இருட்டா கிடக்கு. முத்தலோ பிஞ்சோ எண்டே தெரியேல்லை. மேசையை வெளியிலை போடுங்கோவன். கவுன்சிலோடை வடிவாக் கதைச்சிருந்தால் விட்டிருப்பாங்கள்."

பெரியவர்களுக்கு நான் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று எப்படி வாய் வந்தது என்று தெரியாது. "நீங்கள் வடிவாக் கையெழுத்துப் போட்டிருந்தால் விட்டிருப்பாங்கள் அங்கிள்," என்றேன். "உங்களுக்கு வீடு இல்லையா? எங்கடை கடைக்குள்ளையா படுக்கிறனீங்கள்?"

துரை அங்கிள் கையிலிருந்த முருங்கைக்காயை வைத்துவிட்டு வெளியே போனார். அப்பா என் கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"இனி அந்த மனிசரை நீ அப்பிடிக் கேக்கக் கூடாது," என்றார்.

"நீங்களும் போடேல்லை," என்றேன். அழுகை வந்தது. "கடை எடுக்கப் போட்டனீங்கள். பாங்கிலை போட்டனீங்கள். இதுக்கு மட்டும் ஏன் போடேல்லை?"

"அது தனியப் போடுறது. இது பட்டியல்." ஒரு மூட்டையின் வாயைக் கட்டியிருந்த நூலை இழுத்தார். "ஊரிலை பஸ் கேட்டு ஒரு பட்டியல் எழுதினாங்கள். பிறகு சண்டை துவங்க ஆமிக்காரர் அந்தப் பட்டியலை வைச்சுக்கொண்டுதான் வீடு வீடா வந்தவங்கள். துரையும் நானும் அதிலை இருந்தனாங்கள். மேசையடியிலை நிண்ட சனமும் பயந்தது, நானும் பயந்தனான். அவ்வளவுதான். போய் முகத்தைக் கழுவு."

இதைக் கேட்டு நான் மனம் இளகிவிட்டேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. மூக்குக்கண்ணாடிச் சங்கிலியோடு இருந்த அந்தப் பெண் யாருடைய வீட்டுக்கும் துவக்கோடு வரப்போவதில்லை என்பது பன்னிரண்டு வயதில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நாற்பது வயது ஆண்களுக்கு ஏன் தெரியவில்லை என்று மனதுக்குள் கத்திக்கொண்டே முகத்தைக் கழுவினேன். கடை அதற்குப் பிறகு பதினான்கு மாதம் தாக்குப்பிடித்தது. பிறகு அப்பா பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குத் திரும்பப் போனார். அவருடைய இரைப்பும் திரும்ப வந்தது. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் சேர்ந்தேன். இன்றும் அந்த வேலைதான்.

அந்தக் கடை வரிசை இப்போது இல்லை. இறைச்சிக் கடையும் சலவைக் கடையும் இருந்த இடத்தில் ஆறு மாடி அடுக்ககம் நிற்கிறது. கீழே ஒரு கோப்பிக் கடை நடைபாதையில் ஆறு மேசை போட்டிருக்கிறது. குழந்தை வண்டிகள் இப்போதும் தெருவில் இறங்கித்தான் போகின்றன. கவுன்சிலில் அனுமதி கேட்பதென்றால் இப்போது கைபேசியிலேயே கேட்கலாம். அந்தக் கந்தோரில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருவர் நம் தாளை வாசிக்கிற வேலையே இல்லை. முருங்கைக்காய் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வீட்டு வாசலுக்கு வருகிறது, அதை யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதில்லை. துரை அங்கிளும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்பா மட்டும் இருக்கிறார், எண்பதை நெருங்கிக்கொண்டு. தேர்தல் வந்தால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. முதல் நாளே சப்பாத்தைத் துடைத்து வைத்துவிட்டு, காலையில் வாக்குச்சாவடியாக இருக்கும் பள்ளிக்கூடத்தின் கதவு திறக்க முன்னமே எங்களை வரிசையில் நிறுத்திவிடுவார். வாக்களிக்க வருகிறவர்களுக்கு விற்கச் சொசேஜ் பொரிக்கும் புகையில் இருமிக்கொண்டு நிற்பார், வீட்டுக்குப் போய்ப் பிறகு வருவோம் என்றால் கேட்க மாட்டார். கடந்த தேர்தலிலும் அப்படித்தான். மேசை விரிப்பு அளவுக்கு நீளமான அந்தச் செனட் வாக்குச்சீட்டில் கடைசிப் பெட்டி வரைக்கும் விருப்ப வரிசையில் ஒவ்வொன்றாக இலக்கம் போட்டுக்கொண்டிருந்தார். அரை மணித்தியாலம் ஆகிவிட்டது. எனக்கு வேலைக்கு நேரமாகிறது, கால் உளைகிறது, அங்கே நின்ற அலுவலர் வேறு இரண்டு தரம் எங்கள் பக்கம் பார்த்துவிட்டார். தடுப்புக்கு வெளியே நின்று, எல்லாவற்றுக்கும் போடத் தேவையில்லை, மேலே கொஞ்சத்துக்குப் போட்டால் காணும் என்று சற்றுக் கடுமையாகவே சொன்னேன்.

அவர் தலை நிமிரவில்லை. பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

"பொறு பிள்ளை. இந்தக் கடதாசியிலை என்ரை பேர் ஒரு இடத்திலையும் இல்லை. நான் ஆறுதலாப் போடுவன்."