குழலி மேடத்தின் பச்சை முகடு

“பஸ் பிரேக் போட்டா நாம ஏம்மா முன்னாடி போய் விழறோம்?”

ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிய பேருந்து காவிரிப் பாலத்தில் ஏறியதும் மட்டுவார்குழலி பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டார். கல்யாணத்துக்குப் போகும் பட்டுப்புடவை அம்மாள் யோசிக்கவே இல்லை.

“டிரைவர் சரியில்லீங்க.”

“நல்ல டிரைவரா இருந்தா?”

“நல்ல டிரைவர் ஏன் இப்படி பிரேக் போடறாரு?”

“சரி, டிரைவரே இல்லேன்னு வச்சுக்குவோம்.”

“அந்த பஸ்ல நான் எதுக்குங்க ஏறறேன்?”

மட்டுவார்குழலி என் பக்கம் திரும்பினார். “நாளைக்கு வேற ஆளைக் கேக்கணும்.”

கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். எங்கள் பத்திரிகைக்கு அறிவியலும் சமூகமும் பற்றி ஆங்கிலத்தில் எழுதித் தருவார். தமிழாக்குவது என் வேலை. கைப்பையில் எப்போதும் ஒரு காந்தம். ராஜகோபுரத்தடியில் விற்கும் செம்புக் காப்புகளில் அதை வைத்துப் பார்ப்பார். ஒட்டிக்கொண்டால் கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு அந்தக் காப்பையே வாங்குவார். வீட்டில் ஒரு டப்பா நிறைய இரும்புச் ‘செம்பு’ இருக்கிறது.

மூடநம்பிக்கையைக் கிண்டலடித்துப் பேசும் மேடைகளில் அவருக்குப் பிடித்த இலக்கு ஆயுதபூஜை. “கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கறீங்க, சந்தோஷம். பாஸ்வேர்டையும் கொஞ்சம் மாத்துங்க.” கூட்டம் சிரிக்கும்.

ஆனால் அவருடைய ஆய்வகத்திலும் ஆயுதபூஜை உண்டு. நடத்துகிறவர் உதவியாளர் அற்புதசாமி. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பூஜையன்று எந்தக் கருவிக்கும் சந்தனம் குங்குமம் தவறாது.

சென்ற ஆண்டு பூஜைக்குப் பிறகு, பல மாதங்களாக எதையும் காட்டாமல் அழிச்சாட்டியம் செய்த ஒளி அளக்கும் கருவி திடீரென்று வேலை செய்தது. ஆய்வு மாணவி கலைமதியின் கணினித் திரையில் ஓடும் வரைகோட்டில், பச்சை நிறம் இருக்கவேண்டிய இடத்தில் அழகான முகடு ஒன்று எழுந்தது. புதுக் கண்டுபிடிப்பு என்று துறைக்கே போண்டா வந்தது. கட்டுரையும் கிளம்பிப் போய்விட்டது.

பிறகு கலைமதி கருவிக்குள் ஒன்றுமே வைக்காமல் அளந்து பார்த்தாள். முகடு அப்படியே இருந்தது. திறந்து பார்த்தால், உள்மூலையில் ஒரு மஞ்சள் பொட்டு. கருவியின் நீல ஒளி பட்டால் மஞ்சள்தூள் பச்சையாக ஒளிரும். அது எல்லாருக்கும் தெரிந்த பழைய சங்கதி.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அற்புதசாமிக்கு மெமோ வந்தது. வேலை போனாலும் போகும் என்றார்கள்.

“மேடம், நான் சந்தனமும் குங்குமமுந்தான் வப்பேன், அதுவும் மூடி மேல. மஞ்சள் என் கணக்குலயே கெடையாது” என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை.

அந்த வாரம் பேருந்தில் மட்டுவார்குழலி யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பாலம் தாண்டியதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார். “அந்த மஞ்சப் பொட்டு நான் வச்சதுங்க. எல்லாத்தையும் கழட்டி மாட்டியாச்சு, இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. வச்ச உடனே வேலை செஞ்சுதே!”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“பிரின்ஸிபால் கிட்ட இப்பப் போய்ச் சொல்லப் போறேன். நீங்க பத்திரிகைல போட்டுடுங்க, என் பேரோட. ஞாயித்துக்கிழமை மன்னார்புரத்துல மூடநம்பிக்கை பத்திப் பேசறேன். அதுக்கு முன்னாடியே வந்துடணும். இல்லாட்டி நான் சொல்றதை அப்படியே நம்பிடுவாங்க.”