குண்டக்கல்லில் நின்ற வண்டி

1966ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். தாதர் நிலையத்தில் மழை மேற்கிலிருந்து சாய்ந்து அடித்தது. கூரைக்குக் கீழே நின்றவர்களும் முழங்கால் வரை நனைந்தார்கள். என் காலடியில் ஏழு உருப்படிகள் இருந்தன. என்னுடையவை தகரப் பெட்டி, படுக்கைச் சுருள், தோல்பை என்று மூன்று. மற்ற நான்கும் எனக்கு அன்றுதான் அறிமுகமான ஒரு பெண்மணியினுடையவை: பெட்டி, படுக்கை, பிரம்புக் கூடை, ஒரு பித்தளைக் கூஜா. உள்ளே ஈயம் பூசி, திருகுமூடி போட்டு, மேலே வளைந்த கைப்பிடி வைத்த கூஜா. அப்போது அதில் எங்குமே ஒடுக்கு இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். வண்டி ஏறுவதற்குள் அதை மூன்று முறை பார்த்துவிட்டேன்.

அந்தக் காலத்து மாட்டுங்காவில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்களோ வயதானவர்களோ தனியாக மெட்ராஸ் வண்டி ஏற மாட்டார்கள். அதே நாளில் யார் போகிறார்கள் என்று மெஸ்ஸிலும் காய்கறிக் கடையிலும் விசாரித்து, தெரிந்த ஆள் ஒருவரைப் பிடித்து, அவர் பொறுப்பில் ஒப்படைத்து அனுப்புவார்கள். எழும்பூரில் அடுத்த வண்டி ஏற்றிவிடுவது வரை அவர் கடமை. நான் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, சாமானை ஒவ்வொரு நிலையத்திலும் எண்ணுகிறவன், புகை பிடிக்காதவன். ஆகவே இந்தப் பொறுப்பு அதற்கு முன் நான்கு முறை எனக்கு வந்திருக்கிறது. ஐந்தாவது முறை வந்தபோது நான் பழைய ஆளாக இல்லை.

அந்த ஏப்ரலில் எனக்கு விவாகரத்து ஆகியிருந்தது. முதலில் பிரிந்து வாழ உத்தரவு, பிறகு இரண்டு ஆண்டு காத்திருப்பு, அதன் பிறகு தீர்ப்பு. என் மனைவியாக இருந்தவர் நல்லவர். இரவில் தாழ்ப்பாளை எத்தனை முறை எழுந்து பார்ப்பேன், அடுப்பு அணைந்ததா என்று எத்தனை முறை கேட்பேன், அவர் கடைக்குப் போய்த் திரும்பப் பத்து நிமிடம் பிந்தினால் தெருமுனை வரை எப்படி ஓடுவேன் என்பதையெல்லாம் நீதிமன்றத்தில் அவர் கோபமில்லாமல் சொன்னார். இவரோடு இருந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது என்றார். அதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. தீர்ப்பு நாளன்று என் வக்கீல் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். ஓராண்டு முடியாமல் இருவரில் யாரும் மறுமணம் செய்யக் கூடாது, அதற்குள் வம்பு எதிலும் மாட்டிக்கொள்ளாதே என்று. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பயப்பட அது போதுமானதாக இருந்தது. மெஸ்ஸில் பரிமாறுகிறவரின் மனைவி நலம் விசாரித்தால்கூட வியர்க்கும். செய்தி மாட்டுங்காவில் பரவிவிடும் என்ற பயம் தனி. ‘வீட்டம்மா எங்கே?’ என்று கேட்டவர்களிடமெல்லாம், பிரிந்த நாளிலிருந்தே, ஊரில் இருக்கிறாள் என்று சொல்லி வந்தேன். சாப்பாடு குறைந்தது. அலுவலகம் விட்டு வரும் வழியில் மாட்டுங்கா ரயில் பாலத்தின் நடுவில் நின்று, கீழே போகிற வண்டிகளின் பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன். என் அத்தான் ஒருநாள் என்னை அங்கே பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பெட்டிகளைத்தான் எண்ணினேன் என்றேன். அதற்காகத்தான் நின்றேனா என்பது அன்று எனக்கே சரியாகத் தெரியாது.

மறுவாரம் அக்கா ஒரு வேலை சொன்னாள். சயான் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது கவனித்துக்கொண்ட நர்ஸ், தாராவியில் வளர்ந்த பெண், அப்பா தோல் பட்டறையில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தங்கையின் பிரசவத்துக்குத் தனியாகப் போகிறாள், நீதான் எழும்பூர் வரை பார்த்துக்கொண்டு போக வேண்டும், அப்படியே ஒரு மாதம் நாலு ஊர் பார்த்துவிட்டு வா என்றாள். எனக்கு ஊர் பார்க்கும் ஆசை இல்லை. ஆனால் ஒரு பெண்ணைத் தனியாக அனுப்பினால் என்னவெல்லாம் நேரலாம் என்று யோசித்தேன். அந்த யோசனை இரண்டு இரவு தூங்க விடவில்லை. போவதே மேல் என்று ஒப்புக்கொண்டேன்.

பெட்டியில் எங்கள் இருக்கைக்கு எதிரே தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. மாட்டுங்கா அப்பளக் கடைக்காரர். அவர் காதில் விழுந்த சேதி மறுநாள் கிங்ஸ் சர்க்கிள் வரை போகும். வண்டி கல்யாண் தாண்டுவதற்குள் அவர் கேட்டுவிட்டார்: என்ன சார், வீட்டம்மா வரலையா? நான் நர்ஸ் காதுபட, அவள் ஊரில்தான் இருக்கிறாள், அழைத்து வரத்தான் போகிறேன் என்றேன். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு நேர் மேலே அபாயச் சங்கிலி. தக்க காரணமின்றி இழுத்தால் ஐம்பது ரூபாய் வரை அபராதம் என்ற பலகை. தோள் தவறிப் பட்டுவிடுமோ என்று நான் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். கர்ஜத்தில் பின்னால் ஒரு எஞ்சினைச் சேர்த்து மலை ஏற்றினார்கள். சுரங்கங்களை எண்ணினேன்; எண்ணிக்கையைச் சொன்னால் யாராவது திருத்துவார்கள், விட்டுவிடுகிறேன். ஒவ்வொரு சுரங்கத்திலும் இருட்டியபோது வண்டியின் மேல் மலை இறங்குவதாக நினைத்துக்கொண்டேன். வெளிச்சம் வந்ததும் சாமானை எண்ணுவேன். ஏழு. ஒருமுறை அப்படி எண்ணி நிமிர்ந்தபோது நர்ஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கொடுத்த இட்லிப் பொட்டலத்தைப் பசியில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். புனாவிலும் அப்படியே, ஷோலாப்பூரிலும் அப்படியே. வண்டி நிற்கும்போது நான் இறங்குவதில்லை. இறங்கியவர்களை விட்டுவிட்டு வண்டி போய்விட்டால் என்ன செய்வது?

காலையில் குண்டக்கல் வந்தது. மழை இல்லை, வெயில் சுள்ளென்று இருந்தது. நர்ஸ் கூஜாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“நேத்து மத்தியானத்துல இருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல. இங்கன நல்ல பாலு கிடைக்கும். வாங்கிட்டு வந்திருதேன்” என்றார்.

வேண்டாம், நேரமில்லை என்றேன். பத்து நிமிஷம் நிற்கும் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவருடைய நீலப் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் அது மறைந்தது, தெரிந்தது, மறைந்தது. நான் திரும்பிச் சாமானை எண்ணினேன். ஆறு. மறுபடி ஜன்னலுக்கு வந்தபோது நீலம் இல்லை. கார்டு விசில் ஊதினார். வண்டி ஓர் உலுக்கலோடு நகர்ந்தது. பால்காரர் பின்னால் போனார், தண்ணீர்க் குழாய் பின்னால் போனது, நடைமேடை சரிவாக இறங்கி முடிந்தது. அந்த நிமிடத்தில் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் நினைக்கவில்லை. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண் தெரியாத ஊரில் பால் கூஜாவோடு நிற்கிறாள், என் பசிக்காக நிற்கிறாள் என்பது மட்டுமே தலைக்குள் இருந்தது. எழுந்து சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன்.

வண்டி பெருமூச்சு விடுகிற மாதிரி ஓசையோடு நின்றது. மேல் பலகையிலிருந்து படுக்கைகள் சரிந்தன. கார்டும் டிக்கெட் பரிசோதகரும் வேகமாக வந்தார்கள். கூட வந்த பெண் ஏறவில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் இரண்டு பெட்டி தள்ளியிருந்த பெண்கள் பெட்டியிலிருந்து நர்ஸ் இறங்கித் தண்டவாளச் சரளையில் நடந்து வந்துகொண்டிருந்தார். வண்டி கிளம்பியதும் எதிரே இருந்த பெட்டியில் ஏறிவிட்டாராம். நான் சங்கிலியை இழுத்த அதிர்ச்சியில் கூஜா கதவில் மோதி வயிற்றில் ஒடுங்கியிருந்தது. பால் முழுக்கப் புடவையில்.

கார்டு தமிழர்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அவங்க வண்டியிலதானே இருந்தாங்க? எதுக்கு இழுத்தீங்க? அவங்க உங்களுக்கு யாரு, சம்சாரமா?”

நான் கூஜாவின் ஒடுக்கைப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். “சம்சாரம்னா சொல்லுங்க. விட்டுட்டுப் போயிடுமோன்னு பதறி இழுத்தாருன்னு எழுதிக்கிட்டு எச்சரிக்கையோட விட்டுடறேன்.”

தலையை ஆட்டினால் போதும். அப்பளக் கடைக்காரர் முழங்காலில் கை ஊன்றி முன்னே சாய்ந்திருந்தார். நேற்று அவரிடம் சொன்ன பொய் ஒன்று. இப்போது அதற்குப் பொருந்தாத இன்னொரு பொய் சொல்ல வேண்டும். அதைவிட, கார்டு கையிலிருந்த பென்சில்தான் என்னைப் பயமுறுத்தியது. அரசாங்கக் காகிதத்தில் இன்னார் மனைவி என்று ஒரு பெண்ணின் பெயர் ஏறினால், ஓராண்டு முடிய ஒன்பது மாதம் இருக்கும்போது ஏறினால், வக்கீல் சொன்ன வம்பு அதுதானே? எனக்கு உண்மை பேசும் வீரம் வரவில்லை. ஒரு பயத்தைவிட இன்னொரு பயம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

“எனக்குச் சம்சாரம் இல்லை சார்” என்றேன். “ஏப்ரல்ல கோர்ட்டுல விவாகரத்து ஆயிடுச்சு. இவங்க எங்க அக்காவுக்குத் தெரிஞ்ச நர்ஸ்.”

அப்படியானால் ஐம்பது ரூபாய் என்றார் கார்டு. என்னிடம் நூற்றுப் பதினெட்டு ரூபாய் இருந்தது. எண்ணிக் கொடுத்தேன். இரண்டு முறை எண்ணினேன்.

“பொய் சொல்லியிருந்தா அம்பது ரூபா மிச்சம்” என்றார் அப்பளக் கடைக்காரர். “அதை நேத்து என்கிட்ட இலவசமா சொல்லிட்டீங்களே சார்.” யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, தன் பொட்டலத்திலிருந்து இரண்டு முறுக்கை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

நர்ஸ் எதிரே உட்கார்ந்து முந்தானையைப் பிழிந்தார். வண்டி கிளம்பி வெகு தூரம் போகும் வரை நான் நிமிரவில்லை. ஒரு பொய்யனோடு இத்தனை தூரம் வந்துவிட்டோமே என்று நினைக்கிறார், கடப்பையில் இறங்கிப் பெண்கள் பெட்டிக்குப் போய்விடுவார் என்று கணக்குப் போட்டேன். அவர் மெல்லத்தான் பேசினார்.

“எனக்குத் தெரியும். உங்க அக்கா முன்னாலயே சொல்லிட்டாவ. பாலத்துல நின்னதையும் சொன்னாவ. உங்களத் தனியா அனுப்பப் பயமா இருக்கு, மெட்ராஸ் வரைக்கும் கண்ணுல வச்சிக்கன்னு கேட்டாவ. நான் அடுத்த மாசம் போக வேண்டியவ. உங்களுக்காவ முன்னாலயே லீவு போட்டேன்.”

அப்படியானால் யார் யாருடைய பொறுப்பில் வந்தோம்? நேற்றிலிருந்து நான் காத்து வந்த பெண், நேற்றிலிருந்து என்னைக் காத்து வந்திருக்கிறார். கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சாமானை எண்ணும்போதெல்லாம் என்னைப் பார்த்தீர்களே, சிரிப்பதற்கா என்று கேட்டேன்.

“நீங்க சாமானை எண்ணுனிய. நான் உங்கள எண்ணுனேன். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும். ஒண்ணு இருக்கான்னு.”

முறுக்கைத் தின்றேன். பன்னிரண்டு வாரத்தில் முதன்முறையாகப் பசித்தது என்று எழுதினால் மிகையாக இருக்கும்; ஆனால் இரண்டு முறுக்கையும் தின்றேன், பிறகு கடப்பையில் நானே இறங்கி இரண்டு பொட்டலம் சாப்பாடு வாங்கி வந்தேன். இறங்கும்போது நர்ஸ் ஜன்னலில் நின்று பார்த்தார். நான் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தேன். வண்டி நகரவில்லை.

எழும்பூரில் அவரை ஏற்றிவிடுவதோடு என் கடமை முடிந்தது. நான் அவரோடு திருநெல்வேலி வரை போனேன். சாமான் ஏழு, பொறுப்பு என்றேன், அவர் மறுக்கவில்லை. அந்த ஒரு மாதம் திருச்செந்தூரும் குற்றாலமும் சங்கரன்கோவிலும் பார்த்தேன். ஊர் பார்க்கத் தெரியாதவனுக்கு ஒவ்வொரு வாரமும் ஒருமுறை பிரசவ வீட்டுக்கு வந்து எதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் கேட்டுக்கொண்டே குழந்தைத் துணி மடிப்பார். பம்பாய் திரும்பிய பின் வந்த ஒன்பது மாதங்கள்தான் என் வாழ்க்கையில் நான் அதிகம் பயந்த காலம். செம்பூர் வண்டியில் அவர் பெண்கள் பெட்டியிலும் நான் அடுத்த பெட்டியிலும் போவோம். இறங்கி, நடைமேடையில் நாலு அடி தள்ளி நின்று பேசுவோம். தெரிந்த முகம் ஏதாவது வந்தால் நான் கால அட்டவணையைப் படிப்பேன். ‘அதையே எத்தனை தரம் படிப்பிய’ என்பார். எங்கள் வீட்டில் சாதி கேட்டார்கள், அவர் வீட்டில் கோர்ட்டுக்குப் போனவனா என்று கேட்டார்கள். அப்பளக் கடைக்காரர்தான், நான் பயந்த அந்த வாயால், ஊரெல்லாம் சொன்னார்: அந்த ஆள் ஐம்பது ரூபாய் கொடுத்து உண்மை சொன்னவன். தாராவியில் என் மாமனார் காதுக்கும் அது போயிற்று. 1967 மே மாதம் செம்பூரில் ஒரு சிறிய கூடத்தில் கல்யாணம். தாழ்ப்பாளை நான் எழுந்து பார்ப்பது நிற்கவில்லை. திரும்பி வந்து படுக்கும்போது ‘மூடியிருக்கா?’ என்று தூக்கத்தில் கேட்பார். மூடியிருக்கு என்பேன். அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அது பெரிய வித்தியாசம்.

ஐம்பத்தோரு ஆண்டு குடும்பம் நடத்திய பிறகும் என் பேச்சில் அவர் நர்ஸ்தான். அவர் போய் ஐந்து ஆண்டாகிறது. இப்போது வாஷியில் மகன் வீட்டில் பதினொன்றாம் மாடியில் இருக்கிறேன். இங்கே கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆனாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். திரும்பி வந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை. ரயில் சத்தம் கேட்கும்போது பெட்டிகளை எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, ‘ஒண்ணு’ என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கூஜா அலமாரியில் இருக்கிறது. பேத்தி அதை எடுத்து, ஏன் தாத்தா இதன் வயிறு உள்ளே போயிருக்கிறது என்று கேட்டாள். மெட்ராஸில் இறங்கியதும் பாத்திரக் கடைக்காரர் ஒருவரிடம் ஒடுக்கு எடுக்கக் கொடுத்தோம். அவர் ஒரு ரூபாய் கேட்டார், நர்ஸ் பேரம் பேசிக் குறைத்தார். ஒடுக்கு முழுதும் போகவில்லை. விரலை வைத்தால் இன்றைக்கும் பெருவிரல் அளவுக்கு உள்ளே போகிறது. சங்கிலிக்கு ஐம்பது ரூபாய், ஒடுக்கு எடுக்க எழுபத்தைந்து பைசா. ஆக மொத்தம் ஐம்பது ரூபாய் எழுபத்தைந்து பைசா.