தோட்டத்து குரூப்பிலிருந்து என்னைத் தூக்கியவர்

தோட்டத்து குரூப்பிலிருந்து என்னைத் தூக்கியதற்குக் காரணம், நான் சிரித்தது. துக்கத்தில் சிரித்தேனாம். துக்கமே நடக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் ஈப்போவிலிருந்து முக்கால் மணி நேரம். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பிறகு செம்பனையை வெட்டி வீடு கட்டினார்கள், அந்த வீடுகளில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. ஈப்போ, காம்பார், தெலுக் இந்தான் என்று சிதறிப்போன நூற்று அறுபது பேரையும் ஒன்றாக வைத்திருந்தது போனில் இருந்த அந்த குரூப்தான். கல்யாணம், காதுகுத்து, சாவு, எல்லாச் சேதியும் அதில்தான் வரும். அதன் நிர்வாகி எங்கள் பெரிய கிராணியின் மகன். குரூப்பைத் தொடங்கியவர் அவர் இல்லை. தொடங்கியவர், இவருடைய காலை வணக்கங்களைத் தாங்க முடியாமல் பொறுப்பை இவரிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டார்.

கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்து எழுதுபவர். விடியற்காலைப் பெரட்டில் பெயர் வாசித்து, யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்ப்பதும் அவர்தான். மகன் தைப்பிங்கில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் அப்பாவின் பெரட்டு அவரை விட்டுப் போகவில்லை. தினமும் ஐந்தரைக்கு ஒரு ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் போடுவார். ஏழு மணிக்குள் பதில் வணக்கம் சொல்லாதவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, "இவர்களெல்லாம் நலமா?" என்று கேட்பார். அக்கறை ஒன்றும் கிடையாது, ஆள் பிடிக்கிற வேலை.

அவர் மேல் எனக்குக் கோபம் புதிதும் இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்திலேயே கிராணி வீட்டில் மட்டும்தான் வீடியோ பெட்டி. லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் சன்னலுக்கு வெளியே நின்று பார்ப்போம். கதாநாயகன் வில்லனின் கோட்டைக்குள் நுழையும் நேரம் பார்த்து இவர் எழுந்து வந்து திரைச்சீலையை இழுத்து மூடுவார். எங்கள் மூச்சு பட்டுக் கண்ணாடி அழுக்காகிறதாம். முடிவு தெரியாத படங்கள் எனக்கு ஏழெட்டு இருக்கின்றன.

சரி, சிரித்த கதைக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய வில்லன் நடிகர் ஒருவர் காலமாகிவிட்டார் என்று அவர் செய்தி போட்டார். குரூப் படத்தைக் கறுப்பாக்கினார். அனைவரும் ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்த வேண்டும் என்று எழுதினார். அதோடு விட்டாரா? அந்த ஒரு நிமிட மௌனத்தைக் குரல் பதிவாகவே அனுப்பினார். கடையில் உட்கார்ந்து நான் அதைக் கேட்டேன். முதல் இருபது விநாடி காற்றாடிச் சத்தம். பிறகு ஒரு சேவல். பிறகு அவர் மனைவி, "பசியாற வாங்களேன், தோசை ஆறிப் போவுது" என்கிறார். "ஷ்ஷ்!" என்று இவர். மீண்டும் காற்றாடி.

குரூப்பில் இருந்தவர்கள் வரிசையாகக் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். அந்த வில்லன் நடிகரோ முந்தின நாள் மாலைதான் ஒரு நகைக்கடையில் ரிப்பன் வெட்டி, லட்டு தின்று, கல்லூரிப் பெண்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் காணொளி என்னிடம் இருந்தது. எடுத்துப் போட்டேன். "இவரு நம்மள விட நல்லா இருக்காரு அண்ணே" என்று எழுதி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் பொம்மை ஒன்றையும் சேர்த்தேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, நீக்கப்பட்டேன் என்று போன் சொன்னது. மௌன அஞ்சலி செலுத்தவாவது எனக்கு அவகாசம் கொடுத்திருக்கலாம்.

எனக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. "நீ சொன்னது சரிதான்லா, ஆனா பெரியவரு" என்று இரண்டு பேர் தனியாகப் போன் செய்தார்கள். அவ்வளவுதான் ஆதரவு.

அதையும் மறந்திருப்பேன். ஆனால் மூன்று வாரம் கழித்து எங்கள் ஆயாம்மா தெலுக் இந்தானில் இறந்துபோனார். அம்மாக்கள் ரப்பர் மரம் சீவப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் அவர். எனக்கு நடை பழக்கியவர், என் அம்மாவை விட அதிக நேரம் என்னைத் தூக்கி வைத்திருந்தவர். சேதி குரூப்பில் வந்தது, எனக்கு வரவில்லை. என் வீட்டுக்காரரையும் மருமகன் என்ற முறையில் அதில் சேர்த்து வைத்திருந்தார்கள், ஆனால் அவர் போனில் பந்து விளையாட்டைத் தவிர எதையும் திறக்க மாட்டார். நான்கு நாள் கழித்துப் பாசார் மீன் கடையில் ஆயாம்மாவின் மகளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீ டவுன்காரி ஆயிட்ட. எங்கம்மா சாவுக்கெல்லாம் எங்க வரப்போற" என்றாள்.

நான் மீன் பையோடு அங்கேயே நின்று அழுதேன். அழுது முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் என்னைக் குரூப்பிலிருந்து தூக்கினார். நான் குரூப்பையே அவர் காலடியிலிருந்து உருவிவிடுவேன்.

எனக்கு அதற்கு வசதி இருந்தது. ஈப்போவில் ஒரு பழைய வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் போன் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி ஒட்டுவது, பேட்டரி மாற்றுவது, மறந்துபோன ரகசிய எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுப்பது. தோட்டத்து ஆட்கள், தமிழில் பேசலாமே என்று காம்பாரிலிருந்துகூட என்னிடம் வருவார்கள். போனைக் கையில் வாங்கியதும் நான் கேட்கும் முதல் கேள்வி மாறியது.

"காலையில டிங் டிங்குனு அடிச்சுத் தொல்ல குடுக்குதா அக்கா?"

"ஆமாலா. அஞ்சரைக்கே எழுப்பிவுட்டுருது. பதில் போடலன்னா பேரு வேற வருது."

"ஓரமா ஒதுக்கி வச்சிரட்டுமா? குரூப்பை விட்டு வெளிய போவ மாட்டீங்க. அவருக்கும் தெரியாது. சத்தம் மட்டும் வராது."

"சாவு கீவுன்னா எப்படித் தெரியும்?"

"நான் போன் பண்ணிச் சொல்றேன்."

"செய் தாயி, புண்ணியமாப் போவும்."

இப்படியே ஒவ்வொரு போனாக ஒதுக்கினேன். ஒருவருக்குச் செய்தால் அவர் தங்கச்சியையும் மச்சானையும் அனுப்பி வைத்தார். இரண்டு கல்யாண வீடுகளில் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் ஒரு மூலையில் உட்கார்ந்து இலவசமாகவே செய்து கொடுத்தேன். வரிசையில் நின்றார்கள். ஒருவரும் குரூப்பை விட்டு வெளியேறவில்லை, கிராணி மகன் முகத்தில் அடித்தது போல் ஆகிவிடுமே என்ற பயம். எனக்கும் அதுதான் வேண்டும். அவர் நூற்று அறுபது பேர் முன்னால் பேசுவதாக நினைத்துக்கொண்டே யாருமில்லாத திடலில் பேச வேண்டும்.

சாவுச் சேதி சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டதால் நான் குரூப்பைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். தினமும் ஐந்தரைக்கு எழுந்து, குறட்டை விடும் வீட்டுக்காரரின் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவேன். வாக்குக்காக என்று சொல்லிக்கொண்டாலும் உண்மை அதில்லை. அவர் தனியாகத் தவிப்பதைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். காப்பிகூட அன்றைக்குத்தான் இனிப்பது போல் இருக்கும். வணக்கம் சொல்லாதவர்கள் பட்டியல் நாளுக்கு நாள் நீண்டு, ஒரு நாள் நூற்று ஐம்பது பெயரையும் உட்கார்ந்து எழுதி "நலமா?" என்று கேட்டிருந்தார். ஒருவரும் நலம் என்று சொல்லவில்லை. ஒரு நாள், செயற்கை நுண்ணறிவில் செய்த படம் ஒன்றைப் போட்டார். உச்ச நட்சத்திரம் ஒருவர் இவர் தோளில் கை போட்டு நிற்கிறார். அந்தக் கையில் ஆறு விரல். "சென்னை சென்றபோது எடுத்தது" என்று அடியில் எழுத்து. பதில் எழுத என் விரல் துடித்தது. வீட்டுக்காரர் பெயரில் நான் எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் நான் அனுபவித்த பெரிய கஷ்டம் அதுதான்.

ஏழாவது மாதம் அவரே என் கடைக்கு வந்தார். முதுகு லேசாகக் கூன் விழுந்திருந்தது, கண்ணில் புரை. முக்காலியில் உட்கார்ந்து போனை மேசையில் வைத்தார்.

"போனு என்னமோ ரோசாக் ஆயிருக்கும்மா, கெட்டுப் போச்சு போல. நான் போடுறது யாருக்கும் போவ மாட்டேங்குது."

நான் வாங்கித் தட்டிப் பார்ப்பது போல் பார்த்தேன். அவரே விரலால் ஒரு செய்தியை அழுத்தி, யார் யார் படித்தார்கள் என்ற பட்டியலைக் காட்டினார். அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது, என் வீட்டுக்காரர் பெயர்.

"உன் வூட்டுக்காரரு தங்கமான மனுசன். போட்ட அஞ்சாவது நிமிசம் படிச்சிருவாரு. மத்தவங்களுக்குப் போனு ரோசாக்கா, மனசு ரோசாக்கான்னு தெரியல."

எனக்குக் காது சுட்டது. அடுத்த வாரம் கண் அறுவை சிகிச்சை என்றும், இரண்டு வாரம் போனைப் பார்க்கக்கூடாது என்றும், அதுவரை நம்பிக்கையான ஆள் ஒருவர் வணக்கம் போட வேண்டும் என்றும் சொன்னார். என் கண் முன்னாலேயே என் வீட்டுக்காரரை இன்னொரு நிர்வாகியாக ஆக்கினார். "அவருகிட்ட சொல்லிரும்மா" என்று எழுந்து போனார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கே அவரைத் தூக்கியிருக்கலாம். ஆனால் கண் தெரியாத மனிதரைத் தூக்கி என்ன சுகம்? அவர் அதைப் படிக்க வேண்டுமே. அறுவை சிகிச்சை முடிந்தும் இரண்டு வாரம் பொறுத்தேன். குரூப்பில் வணக்கமும் இல்லை, ரோஜாவும் இல்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினைந்தாம் நாள் காலை ஐந்தரைக்கு ஒரு பெரிய சூரியகாந்திப் படம் வந்தது. "புதிய கண்களோடு இனிய காலை வணக்கம்." படித்தேன். அவர் பெயரை அழுத்தினேன். நீக்கவா என்று போன் கேட்டது. நீக்கு என்றேன்.

அவர் நீக்கப்பட்டார் என்ற வரி நூற்று அறுபது பேருக்கும் தெரியும்படி நடுவில் விழுந்தது. அடுப்படியில் நின்றுகொண்டே காத்திருந்தேன். இப்போது ஒருவர் பதறுவார், ஒருவர் சிரிப்பார், எனக்கு நான்கு போனாவது வரும். ஏழு மணியாயிற்று, எட்டாயிற்று. வீட்டுக்காரர் எழுந்து போனை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வாங்கிப் பார்த்தபோதும் ஒரு சத்தம் இல்லை. எல்லாருடைய போனிலும் அந்த குரூப்பை ஒதுக்கி வைத்தவளே நான்தானே. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய பழிவாங்கலைப் பார்க்க ஓர் ஆள் கிடையாது.

பார்த்தவர் ஒருவர்தான். மூன்றாம் நாள் அவர் கடைக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"மறுபடியும் ரோசாக்மா. உன் வூட்டுக்காரரு என்னைத் தூக்கிட்டதா காட்டுது. அவரு அப்படிப்பட்ட ஆளே இல்ல. என்னன்னு பாரு."

போனில் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், நானும் தப்பித்திருப்பேன். ஆனால் போனின் மேல் பழி போவதற்கா நான் ஏழு மாதம் ஐந்தரைக்கு எழுந்தேன்? நான் செய்தது என்று அவருக்குத் தெரியாவிட்டால் அது பழி வாங்கியதாகவே ஆகாது.

"போன் நல்லாத்தான் இருக்கு அண்ணே. நான்தான் தூக்குனேன்."

"நீயா? ஏன்?"

"நீங்க என்னைத் தூக்குனீங்க. அதனால ஆயாம்மா முகத்தைக் கடைசியாப் பாக்க முடியாம போச்சு எனக்கு."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நடிப்பில்லை. "உன்னையா? எப்பம்மா?" என்றார். வில்லன் நடிகர், ரிப்பன், சிரிக்கிற பொம்மை, எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் கடை முழுக்கக் கேட்டது, பக்கத்துக் கடைச் சீனப் பெண் எட்டிப் பார்த்தாள். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஆயாம்மாவுக்காக ஒரு வார்த்தை வரும், மன்னிப்பு என்று இல்லாவிட்டாலும் ஏதோ ஒன்று வரும் என்று நான் காத்திருந்தேன்.

"அப்ப உன் வூட்டுக்காரரு போனு உன் கையிலதான் இருந்துச்சா?"

"ஆமா."

"அப்ப காலையில படிச்சதெல்லாம்?"

நான் அவர் போனைத் திரும்ப மேசையில் வைத்தேன். என் முகம் அவருக்குப் புதுக் கண்ணில் நன்றாகவே தெரிந்திருக்கும்.

"ஒரு நாள்கூட தவறலியேம்மா நீ" என்றார்.

போனை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுபடி சேர்க்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. போன் ரோசாக் இல்லை என்று தெரிந்ததே போதும் என்பது போல் தலையை ஆட்டிவிட்டு, மின்படிக்கட்டு வரை நேராக நிமிர்ந்து நடந்தார். வந்தபோது இருந்ததை விடச் சந்தோஷமாகத்தான் போனார். அதைத்தான் என்னால் இன்னும் தாங்கிக்கொள்ள முடியவில்லை.