சேது எழுப்பிய தூண்கள்

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் சேது ஆபீஸ் கிராணி, கணக்கெழுதுகிறவன். எண்பத்தேழில் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. மனிதர்கள் வெந்து கிடந்த ஆபீஸில் அந்த அறைக்கு மட்டும் ஏர்கோன். வழிதவறி நுழைந்த கொசுக்கள் சளி பிடித்துத் தும்மித் தும்மியே செத்தன. கூட்டி அள்ளியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த வருஷம் தோட்டத்தின் நாலு டிவிஷனில் ஒன்றை விற்பதாகப் பேச்சு. விளைச்சல் குறைந்தது போகும் என்றார்கள். குறைந்தது நாலாவது, சதுப்பு நிலம், அங்கே தொழிலாளர் லயத்தில் உடும்புதான் குடியிருந்தது. மூன்றாவதில் சேதுவின் தாய் காளியம்மா இருந்தாள். அதுதான் நன்றாகக் காய்த்தது.

"பயப்படாதம்மா. விளைச்சல்ல நம்ம டிவிஷன்தான் முதல்ல நிக்குது. நானே படம் போட்டுக் காட்டப் போறேன்."

"காட்டு, காட்டு. இந்த வயசுல என்னை உன் வீட்டுக்குக் கூப்பிட்டுறாத. இங்க பஸ்ஸு என் வாசல்ல நிக்குது. உன் வாசல்ல நாயிகூட நிக்காது."

மேனேஜர் கார்த்திகேசு துரை சேதுவை அழைத்தார். "கே.எல். ஹெட் ஆபீஸ் பெரியவங்க வர்றாங்க. போன தடவை பாதிப் பேர் தூங்கிட்டாங்க லா. இந்தத் தடவை விளைச்சல் படத்துல டிவிஷனுக்கு ஒரு தூணா, ஒவ்வொண்ணா எழும்பணும்."

கம்ப்யூட்டரில் ஒரே தாளில் அடித்தால் நாலு தூணும் ஒன்றாக வந்து நிற்கும். சேது ஒவ்வொரு டிவிஷனையும் தனியாக அடித்து, கண்ணாடித் தாளில் நகலெடுத்து, வண்ணம் தீட்டினான். தாள்களைப் புரொஜெக்டரின் விளிம்பில் டேப்பால் ஒட்டினான். ஒன்றன்மேல் ஒன்றாக மடக்கினால் சுவரில் தூண்கள் முளைக்கும். ஓரத்து அளவு எண்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கரியாய்த் தெரிந்ததால் வெட்டி எறிந்தான். மடக்குவதையே ராத்திரி பகலாகப் பழகினான். சாமிக்குச் சூடம் காட்டுகிறவன்கூட அவ்வளவு பக்குவமாய்க் கையை அசைத்திருக்க மாட்டான்.

கூட்டத்தில் முதல் தூண் எழுந்தது. இரண்டாவது எழுந்தது. மூன்றாவது, சிவப்பு. யாரும் தூங்கவில்லை. நாலாவதும் எழுந்து, மற்ற மூன்றுக்கும் தோளோடு தோள் நின்றது.

அப்போதுதான் சேதுவுக்கு உறைத்தது. தனியாகக் கேட்டால் கம்ப்யூட்டருக்கு ஒப்பிட ஆளில்லை. எந்தத் தூணையும் தாளின் உச்சிவரை நீட்டிவிடும். கொழுத்ததும் மெலிந்ததும் ஒரே உயரம்.

பெரியவர்களில் ஒருவர் கை தட்டினார். "பிரமாதம். எல்லாம் சமமா இருக்கு. அப்போ ரோட்டோரம் இருக்கிறதை வித்துடலாம். நல்ல விலை வரும்."

"சார், மூணாவது வந்து..." என்றான் சேது.

துரைக்குக் கணக்குத் தெரியும். ஆனால் தாம் காட்டிய படமே தப்பு என்று பெரியவர்கள் முன்னால் எப்படிச் சொல்வார்? "லைட்டைப் போடு, சேது" என்றார்.

தீபாவளிக்கு முன்பே மூன்றாவதை விற்று லயத்தை இடித்தார்கள். காளியம்மா ஒரு தகரப் பெட்டியோடும் அம்மிக்கல்லோடும் மகன் வீட்டுக்கு வந்தாள். மேற்குச் சன்னலில் ஒரு கண்ணாடி இல்லை; மழை அடித்தது. மகன் கட்டிப் போட்டிருந்த கண்ணாடித் தாள் மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து அவளே அங்கே ஒட்டினாள். சிவப்புத் தூண் இருந்த தாள்.

சாயங்காலம் வெயில் சாயச் சாய, எதிர்ச்சுவரில் அந்தச் சிவப்பு மெல்ல மேலே ஏறியது.

"ஏறுது பாருடா" என்றாள் காளியம்மா.

சேது சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டான். கடைசிவரை அவன் உட்காரும் இடம் அதுதான்.