ஆயிரத்து இருபத்து நான்கு வாரம் பின்னுக்குப் போன பெட்டி

துறையில் எல்லாரும் அவளைச் சுக்கானி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்து நான்கு. ஆறு கடலில் சேருகிற அகன்ற முகத்துவாரத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் பயணிகள் படகு ஓட்டுவது அவள் வேலை. ஒரு நடைக்கு நாற்பது நிமிஷம். நடுவழியில் தண்ணீருக்கடியில் ஒரு மணல்திட்டு படுத்திருக்கிறது. அதைச் சுற்றிப் போகும் ஆழமான பாதை அறுபது மீட்டர் அகலம்கூட இருக்காது. பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் படகு அடி தட்டியதில்லை.

இஞ்சினைப் பார்த்துக்கொள்வது அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், காது அதைவிடக் கூர்மை. எந்தத் திருகு எங்கே முனகினாலும் காதில் விழுந்துவிடும்.

சுக்கான் சக்கரத்துக்குப் பக்கத்தில் செங்கல் அளவில் ஒரு பழைய செயற்கைக்கோள் வழிகாட்டி இருந்தது. இருவரும் அதைப் பெட்டி என்பார்கள். படகு நிற்கும் இடம், வேகம், தேதி, மணி, கடல் ஏறி இறங்கும் நேரம் எல்லாம் அதன் பச்சைத் திரையில் வரும். மூடுபனி நாளில் சுக்கானி அக்காவுக்குக் கண் அதுதான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. படகில் முப்பத்தோரு பேர். பாதிப்பேர் ஆஸ்பத்திரியில் பகல் வேலைக்குப் போகும் நர்சுகள். பாதி தூரம் வந்ததும் மூடுபனி திடுதிப்பென்று இறங்கி, படகின் முன்மூக்கையே மறைத்துவிட்டது. அவள் பெட்டியைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத் திரை அணைந்தது. ஒரு நிமிஷம் வெறுமையாக இருந்து மறுபடி எரிந்தபோது, மணி சரியாக இருந்தது. கிழமையும் ஞாயிறுதான். தேதி மட்டும் பத்தொன்பது வருஷத்துக்கு மேல் பின்னால் போயிருந்தது.

மேலே ஏறி வந்த நாத்தனார் திரையை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணி, இந்தத் தேதியில நீங்க எங்க வீட்டுக்கே வரல."

சுக்கானி அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வருஷத்தையே மறந்துவிட்ட பெட்டி இடத்தை மட்டும் எப்படிச் சரியாகச் சொல்லும்? நங்கூரத்தைப் போடச் சொன்னாள். பனி கொஞ்சம் விலகட்டும் என்று பயணிகளிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வந்து பெட்டியை மறுபடி பார்த்தாள். பாதையின் ஓரத்தைக் காட்ட மணி கட்டி விட்டிருக்கும் மிதவை இடப்பக்கம் முன்னால் நூற்றெண்பது மீட்டரில் இருப்பதாக அது காட்டியது.

"இஞ்சினை நிறுத்து. யாரும் பேசக் கூடாதுன்னு சொல்லு."

முப்பத்தோரு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். படகின் பக்கவாட்டில் தண்ணீர் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், பெட்டி காட்டிய அதே திசையிலிருந்து, மெல்ல, டாங் என்று ஒரு மணி.

ஆனாலும் ஒரு மணியை நம்பி அவள் கிளம்பவில்லை. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தாள். பெட்டி காட்டிய இடத்துக்கு வரைபடத்தில் ஏழு மீட்டர் போட்டிருந்தது. கயிறும் ஏழு மீட்டர் என்றது. நங்கூரத்தைத் தூக்கி, ஊர்ந்து, நின்று, மறுபடி அளந்தாள். ஒவ்வொரு இடத்திலும் பெட்டி சொன்னது அப்படியே இருந்தது. அரை மணி தாமதமாகப் படகு கரை சேர்ந்தது. ஒரு நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். கடைசி ஆள் இறங்கிய பிறகுதான் சுக்கானி அக்கா சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள்.

மறுநாள் பெட்டியைக் கழற்றித் துறைக்குப் பின்னால் இருக்கும் ரேடியோக்காரர் கடைக்குக் கொண்டுபோனாள். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவது பல் பிடுங்குவது மாதிரி. நடந்ததைக் கேட்டு, சரியான தேதியையும் பெட்டியின் தேதியையும் காகிதத்தில் எழுதிக் கழித்தார். ஏழாயிரத்து நூற்று அறுபத்தெட்டு நாள் வந்தது. ஏழால் வகுத்தார். மிச்சமில்லாமல் ஆயிரத்து இருபத்து நான்கு வாரம். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது, பேச்சும் வந்தது.

மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் வருஷத்தைச் சொல்வதில்லையாம், எத்தனையாவது வாரம் என்று ஒரு எண்ணைத்தான் அனுப்புகின்றனவாம். பழைய கருவிகள் படிக்கிற அந்த எண்ணுக்கு ஆயிரத்து இருபத்து மூன்று வரைதான் இடம். அதற்கு அடுத்த வாரம் மறுபடி பூஜ்யம். எந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்று, பெட்டியைச் செய்தவர்கள் அதற்குள் எழுதி வைத்திருப்பார்கள். அங்கிருந்து ஒரு முழுச் சுற்று முடிந்ததும், அது தன் முதல் நாளுக்கே திரும்பிவிட்டது. திருத்தி அனுப்பலாம் என்றால், அதைச் செய்த கம்பெனியும் இப்போது இல்லை.

"அப்ப இடம் மட்டும் எப்படிங்க சரியா வருது?"

"இடத்துக்கு வருஷம் வேண்டாம். இந்த வாரத்துல இது எந்த நொடின்னு தெரிஞ்சா போதும். ஆனா அது துல்லியமா இருக்கணும். ஒரு நொடியைக் கோடிப் பங்கா வெட்டி, அதுல ஒரு பங்கு பிசகினாலும் முப்பது மீட்டர் தள்ளிப் போயிடும்."

முப்பது மீட்டர் பிசகினால் மணல். அவள் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து கிளம்பி, கண்ணை இமைப்பதற்குள் மூடுபனியைத் துளைத்துக்கொண்டு வந்த ஒரு கணக்கு, முப்பத்தோரு உயிரைப் பாதைக்குள் பிடித்து வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட கணக்குக்கு இது எந்த வருஷம் என்றுகூடத் தெரியாது. கடல் ஏறி இறங்கும் நேரத்தைப் பெட்டி தேதி வைத்துத்தான் கணக்குப் போடுகிறது, இனி அதை நம்ப வேண்டாம் என்று அவர் எச்சரித்தபோது தலையாட்டினாள்.

படகுத்துறை அலுவலகத்தில் வேறு கதை. பெட்டியிலிருந்து எடுத்த பயணப் பதிவைக் குமாஸ்தா திருப்பி அனுப்பினார். அந்தத் தேதியில் இந்தப் படகே கட்டப்படவில்லை என்று குறிப்பு வேறு. மேலதிகாரி பெட்டியைத் தூக்கிப்போடச் சொன்னார். சுக்கானி அக்கா ஒரு மாதம் தவணை கேட்டாள். அந்த மாதம் முழுக்க, தெளிவான நாள்களில், ஏழு மிதவைகளுக்கு அருகில் பெட்டி காட்டிய இடத்தையும் உண்மையான இடத்தையும் ஒப்பிட்டுக் குறித்தாள். பன்னிரண்டு மீட்டருக்கு மேல் அது ஒருதரம்கூடப் பிசகவில்லை. அதிகாரி தாள்களைப் புரட்டிப் பார்த்தார். புதுக் கருவி வரும்வரை இடம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டார். புதுசு மழைக்காலத்தில் வந்தது. பழையதை அவள் கழற்றவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன.

இப்போதெல்லாம் முதல் நடைக்கு முன்னால் அவள் படகின் மேல்தட்டில் நின்று கொஞ்ச நேரம் வானத்தைப் பார்க்கிறாள். வெயிலில் அங்கே ஒன்றும் தெரியாது என்று அவளுக்கே தெரியும்.

"கழுத்து பிடிச்சுக்கப் போகுது அண்ணி," என்று சொல்லிவிட்டு நாத்தனார் இஞ்சினைக் கிளப்பக் கீழே போகிறாள்.